விளக்கம்: பழைய வாளியில் தக்காளி, எண்ணெய் டின்னில் வெண்டை – வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு எந்தக் கொள்கலன் ஏற்றது, எது ஆபத்தானது?

புதுதில்லி: சமையல் எண்ணெய் தீர்ந்த டின், விளிம்பு உடைந்த வாளி, அரிசி வந்த சாக்கு, விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் மண் நிரப்பிக் காய்கறி பயிரிடும் வழக்கம் நாட்டின் பல நகரங்களில் வேரூன்றியுள்ளது. இதற்குச் செலவு குறைவு. குப்பைக்குப் போகும் பொருளும் பயன்பாட்டுக்கு வருகிறது. ஆயினும், பழைய கொள்கலன்கள் அனைத்தும் உணவுப் பயிருக்கு ஏற்றவை அல்ல. சில கொள்கலன்களில் முன்பிருந்த வேதிப்பொருள்களின் எச்சம் மண்ணில் கலந்து, செடியின் வழியாக உணவுத் தட்டை அடையக்கூடும்.

எந்தக் கொள்கலனைத் தேர்ந்தெடுக்கலாம், எதனைத் தவிர்க்க வேண்டும், மொட்டை மாடி எவ்வளவு எடையைத் தாங்கும், ஒரு குடும்பத்தின் தேவையில் எவ்வளவை இவ்வாறு விளைவிக்க முடியும் என்பன குறித்த விளக்கம் வருமாறு.

ஆர்வம் எங்கிருந்து வந்தது?

காய்கறி விலையின் ஏற்ற இறக்கம் முதன்மையான காரணம். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளியின் சில்லறை விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைக் கடந்தது. தேசிய கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு, நாஃபெட் ஆகியவற்றின் வாயிலாக மத்திய அரசு தக்காளியைக் கொள்முதல் செய்து, தில்லி உள்ளிட்ட நகரங்களில் முதலில் கிலோ 90 ரூபாய்க்கும், பின்னர் 80 ரூபாய்க்கும், அதன் பிறகு 70 ரூபாய்க்கும் விற்றது.

மற்றொரு காரணம் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிய அச்சம். கேரளத்தில் இந்த அச்சமே மாடித் தோட்டத்தை மக்கள் இயக்கமாக மாற்றியது. அம்மாநிலம் தனது காய்கறித் தேவைக்குத் தமிழகத்தையும் கர்நாடகத்தையும் பெரிதும் சார்ந்துள்ளது. வெளிமாநிலங்களிலிருந்து வரும் காய்கறிகளை வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் சோதித்து வெளியிட்ட முடிவுகள் அங்கு பெரும் விவாதத்தை எழுப்பின. அதனைத் தொடர்ந்து, மாநில வேளாண் துறை ‘கிருஷி பவன்’ அலுவலகங்கள் வாயிலாக வளர்ப்புப் பைகளையும் விதைகளையும் வீடுகளுக்கு வழங்கியது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி’ என்னும் பொருள்படும் பெயரில், ஓணம் பண்டிகையையொட்டி விதைகள் வழங்கும் திட்டமும் செயல்படுத்தப்பட்டு வருகிறது.

மும்பையில், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் மைய உணவகத்தின் மொட்டை மாடியில் 2000-களின் தொடக்கத்தில் உருவான தோட்டம் பலருக்கு முன்மாதிரியாக அமைந்தது. நாள்தோறும் சேரும் சமையலறைக் கழிவை மட்கச் செய்து, அதனையே மண்ணாக்கி, பழைய பீப்பாய்களில் பழமரங்களும் காய்கறிகளும் அங்கு வளர்க்கப்பட்டன. பெங்களூரில் பூச்சியியல் அறிஞர் பி.என்.விஸ்வநாத் இயற்கை முறை மாடித் தோட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பரப்பினார். அவரது முயற்சியின் தொடர்ச்சியாக ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ (உங்கள் தோட்டத்திலிருந்து உணவு) என்னும் சந்தை நிகழ்ச்சி 2011 முதல் அந்நகரில் நடத்தப்பட்டது.

பள்ளிகளுக்கும் இது புதிதன்று. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டுதல்கள், நிலம் இல்லாத பள்ளிகள் கூரையையும் கொள்கலன்களையும் பயன்படுத்தலாம் எனக் கூறுகின்றன.

முதல் கேள்வி: இதற்கு முன் உள்ளே என்ன இருந்தது?

கொள்கலனின் வடிவம், நிறம், அளவு ஆகியவற்றைவிட முக்கியமானது அதன் பழைய பயன்பாடு. உணவுப் பொருள் இருந்த கொள்கலன் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. வேதிப்பொருள் இருந்தது என்றாலோ, என்ன இருந்தது என்பதே தெரியவில்லை என்றாலோ அதனைக் காய்கறிக்குப் பயன்படுத்தக் கூடாது.

பூச்சிக்கொல்லி டப்பாக்கள் இந்தப் பட்டியலில் முதலிடம் பெறுகின்றன. 2013 ஜூலை 16-ஆம் தேதி பிகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தடயவியல் ஆய்வில் தெரியவந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கொள்கலனில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக அப்போது தெரிவிக்கப்பட்டது. காய்கறிப் பயிர்களில் பயன்படுத்துவதற்குத் தடை விதிக்கப்பட்ட மருந்து அது.

பயன்படுத்தி முடித்த பூச்சிக்கொல்லிக் கொள்கலன்களை உடைத்து, குடியிருப்புகளிலிருந்து விலகிய இடத்தில் புதைக்க வேண்டும் என 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. இத்தகைய டப்பாக்களை அடையாளம் காண்பது எளிது. அவற்றின் மேல் சாய்சதுர வடிவக் குறி அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சையும், மஞ்சள் கடுமையான நஞ்சையும், நீலம் மிதமான நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். பச்சை நிறம் இருப்பதால் அந்த டப்பாவை மறுபடியும் பயன்படுத்தலாம் என்று பொருளல்ல. நான்கு நிறங்களுமே வீட்டுத் தோட்டத்துக்கு விலக்கப்பட்டவை.

தவிர்க்க வேண்டிய பிற கொள்கலன்கள்

*மின்கலப் பெட்டிகள்:* பழைய வாகன மின்கலம், இன்வெர்ட்டர் மின்கலம் ஆகியவற்றின் வெளிப்பெட்டிகள் கெட்டியாகவும் செவ்வக வடிவிலும் இருப்பதால் செடி வளர்க்க எடுக்கப்படுகின்றன. இவற்றில் ஈயமும் கந்தக அமிலமும் இருந்தவை. எத்தனை முறை கழுவினாலும் ஈயத்தின் நுண்துகள்கள் முழுமையாக நீங்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது.

*எனாமல் பெயிண்ட், தின்னர் டப்பாக்கள்:* வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைகளில் பயன்படும் பெயிண்டுகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே எனாமல், துருத்தடுப்புப் பூச்சு, தின்னர் ஆகியவை இருந்த டப்பாக்கள் வேண்டாம். நீரில் கரையும் சுவர்ப்பூச்சு இருந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகளை, உலர்ந்த படலம் முழுவதையும் உரித்தெடுத்துக் கழுவிய பின் பயன்படுத்தலாம்.

*மருந்து தடவிய விதை வந்த பைகள்:* விதைகள் இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறத்தில் இருந்தால் அவற்றின் மீது பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்பைகளில் காய்கறி வளர்க்கக் கூடாது.

*ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள்:* உடைந்த கூரைத் தகடுகளைத் தடுப்பாக நிறுத்திப் பாத்தி அமைப்பது சில இடங்களில் காணப்படுகிறது. உடைந்த விளிம்பிலிருந்து பறக்கும் இழைகள் நுரையீரலுக்குத் தீங்கு விளைவிப்பவை.

*டயர்கள்:* ரப்பரில் துத்தநாகமும் பல்வேறு கரிமச் சேர்மங்களும் உள்ளன. நேரடி வெயிலில் டயர் கடும் வெப்பமடையும். பூச்செடிகளுக்கு மட்டும் டயரைப் பயன்படுத்துவது நல்லது.

*மரப்பெட்டிகள்:* இறக்குமதிச் சரக்குகளுடன் வரும் மரப்பலகைகளில் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்னும் எழுத்துகள் வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறிக்கும்; அது பாதுகாப்பானது. ‘எம்.பி.’ என்பது மீத்தைல் புரோமைடு வாயுவால் பதப்படுத்தியதைக் குறிக்கும். அதனைத் தவிர்க்க வேண்டும்.

ஏற்றவை எவை, எவ்வளவு காலம் உழைக்கும்?

*சமையல் எண்ணெய் டின்:* 15 கிலோ தகர டின் பல வீடுகளிலும் உணவகங்களிலும் எளிதில் கிடைக்கும். வெட்டிய மேல்விளிம்பைச் சுத்தியலால் உட்புறமாக மடித்துத் தட்ட வேண்டும். இல்லையெனில் கையைக் கிழிக்கும். ஈரம் பட்டு ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்துவிடும். இரும்புத் துரு செடிக்கு நஞ்சன்று. ஆனால் கோடையில் தகரம் விரைவில் சூடேறுவதால் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடிப்பதோ, சணல் சாக்கைச் சுற்றுவதோ வேரைக் காக்கும்.

*வாளி, குடம், தண்ணீர் கேன்:* பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 (அடர் பாலிஎத்திலீன்), 4 (மென் பாலிஎத்திலீன்), 5 (பாலிபுரோப்பிலீன்) ஆகிய எண்கள் கொண்டவை வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை. எண் 1 கொண்ட குளிர்பான பாட்டில்களில் நாற்று விடலாம். கீரை, புதினா வளர்க்கலாம். எண் 3, அதாவது பி.வி.சி., தவிர்க்கத்தக்கது. பழைய பி.வி.சி. குழாய்களில் ஈயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

*நீல நிறப் பீப்பாய்:* 200 லிட்டர் பீப்பாயை நெடுக்குவாட்டில் வெட்டினால் இரண்டு பாத்திகள் கிடைக்கும். விற்பவரிடம் அதில் முன்பு என்ன இருந்தது என்பதைக் கேட்டறிவது கட்டாயம். பழச்சாறு, ஊறுகாய் போன்றவை இருந்த பீப்பாய்களே ஏற்றவை. சாயம், பிசின், சுத்திகரிப்பு அமிலம் இருந்தவை வேண்டாம்.

*அரிசிச் சாக்கு, சிமெண்ட் சாக்கு:* இவை பாலிபுரோப்பிலீன் நாடாவால் நெய்யப்பட்டவை. வெயிலில் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நைந்து உதிரத் தொடங்கும். ஆகவே ஒரு பருவத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சிமெண்ட் தூள் காரத்தன்மை கொண்டதால் சாக்கை உள்ளும் புறமும் நன்கு அலச வேண்டும். இல்லையெனில் செடி இரும்புச் சத்தை எடுக்க இயலாமல் இலைகள் மஞ்சளாகும்.

*தெர்மாகோல் பெட்டி:* மீன் சந்தைகளில் கிடைக்கும் இப்பெட்டி எடை குறைவானது, வெப்பத்தையும் தடுக்கும். கீரைக்கும் முள்ளங்கிக்கும் பொருத்தமானது. விரைவில் நொறுங்கி மணிமணியாக உதிரும் என்பதே இதன் குறை.

*சலவை இயந்திரத்தின் உருளை:* பழுதான இயந்திரத்தின் எவர்சில்வர் உருளையில் துளைகள் ஏற்கெனவே உள்ளன. துருப்பிடிக்காது, பல ஆண்டுகள் உழைக்கும். பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும்.

*தேங்காய்ச் சிரட்டை, முட்டை அட்டை, செய்தித்தாள் குவளை:* இவை நாற்று வளர்க்க மட்டுமே ஏற்றவை. அட்டையையும் தாளையும் நாற்றோடு சேர்த்தே மண்ணில் நட்டுவிடலாம்.

எந்தக் காய்கறிக்கு எவ்வளவு இடம்?

வீட்டுத் தோட்டத்தில் ஏற்படும் தோல்விகளில் பெரும்பகுதி, செடியின் வேருக்குப் போதிய இடம் தராததால் விளைவதே.

கீரை வகைகள், வெந்தயம், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். முள்ளங்கிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் தேவை. மிளகாய், கொத்தவரை ஆகியவற்றுக்குச் செடி ஒன்றுக்கு 10 லிட்டர் மண் வேண்டும். வெண்டைக்கு 10 முதல் 15 லிட்டரும், தக்காளிக்கும் கத்தரிக்கும் 15 முதல் 20 லிட்டரும் தேவை. பாகல், பீர்க்கு, சுரை போன்ற கொடிகளுக்கு 30 லிட்டருக்குக் குறையாத கொள்கலனும் உறுதியான பந்தலும் இன்றியமையாதவை.

சூரிய ஒளியும் அதே அளவு முக்கியம். காய் தரும் செடிகளுக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நான்கு மணி நேர வெயில் மட்டுமே விழும் பால்கனியில் கீரை, புதினா, கொத்தமல்லி வளரும், தக்காளி காய்க்காது.

கூழாங்கல் அடுக்கு வடிகாலுக்கு உதவுமா?

கொள்கலனின் அடியில் கூழாங்கல்லோ செங்கல் துண்டுகளோ பரப்பினால் நீர் எளிதில் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை இதற்கு மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்கு நீர் இறங்க வேண்டுமானால், மேலுள்ள மண் முதலில் முழுமையாக நனைந்து நிறைய வேண்டும். இதனால் கொள்கலனின் அடியில் தேங்கும் ஈரம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து தங்குகிறது. மண்ணின் கொள்ளளவும் குறைகிறது.

கல்லுக்குப் பதிலாகத் துளைகளைச் சரியாக இடுவதே தீர்வு. 6 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு அல்லது ஐந்து துளைகள் ஒரு வாளிக்குப் போதுமானவை. அடிப்பகுதியிலும், அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டிலும் துளையிடுவது நல்லது. தரையோடு ஒட்டியிருக்கும் துளை அடைபட்டாலும் பக்கத் துளை வேலை செய்யும். மண் வெளியேறாமல் இருக்கத் துளையின் மீது சிறிது தேங்காய் நாரோ பழைய கொசுவலைத் துண்டோ வைத்தால் போதும்.

மண் கலவை

வயல் மண்ணை மட்டும் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிக் கல்லாகிவிடும். மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கன அளவில் சம பங்காகக் கலப்பது பொதுவான முறை. வாளி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் நூற்புழு, வேர்ப்புழு ஆகியவற்றின் தாக்குதல் குறையும்.

தென்னை நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கலாம். நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

உரத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். துளையிட்ட இரண்டு வாளிகள் போதும். ஒன்று நிரம்பிய பின் அதனை மூடிவைத்து, மற்றதில் கழிவைப் போட்டுவர வேண்டும். காய்கறித் தோல் ஒரு பங்கு என்றால், உலர்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு பங்கு இருக்க வேண்டும். இந்த விகிதம் தவறும்போதுதான் துர்நாற்றமும் புழுவும் ஏற்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் உரம் தயாராகும். எண்ணெய் கலந்த சமைத்த உணவு, இறைச்சி, எலும்பு ஆகியவற்றை இதில் சேர்க்கக் கூடாது.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்றுவதும் தவறு. அதில் செறிந்துள்ள உப்பு கொள்கலனில் படிந்து இலை விளிம்புகளைக் கருகச் செய்யும். நிலத்தடி நீர் கடினமாக உள்ள தில்லி போன்ற நகரங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை.

மொட்டை மாடி எவ்வளவு தாங்கும்?

மக்கள் நடமாடும் மொட்டை மாடிகளுக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமையை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 தரவிதி கணக்கில் கொள்கிறது. ஒரு சதுர மீட்டர் என்பது சுமார் 10.8 சதுர அடி.

இந்த எண்ணைத் தோட்டத்துடன் பொருத்திப் பார்க்கலாம். நனைந்த வெறும் மண் லிட்டருக்குச் சுமார் 1.8 கிலோ இருக்கும். அதனை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளத்தின் மீதே பரப்பினால் சதுர மீட்டருக்கு 270 கிலோ ஆகிறது. இது கணக்கிடப்பட்ட வரம்பைவிட மிக அதிகம்.

நார்க்கழிவு கலந்த மண்ணின் எடை, நனைந்த நிலையில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ எனக் கொண்டால், 20 லிட்டர் வாளி 24 கிலோ இருக்கும். சதுர மீட்டருக்கு நான்கு வாளிகள் வைத்தால் 96 கிலோ. மனிதர் நடக்கவும் மழைநீர் நிற்கவும் இடைவெளி மிஞ்சுகிறது. ஆறு வாளிகள் வைத்தால் 144 கிலோவாகி, வரம்பைத் தொட்டுவிடுகிறது.

ஆகவே கனமான கொள்கலன்களைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டி வைக்க வேண்டும். மண் நிரப்பிய முழுப் பீப்பாய் 250 கிலோவைத் தாண்டும். கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் அதனை மாடியில் வைக்கக் கூடாது. பழைய கட்டடங்களிலும், கம்பி தெரியும் அளவுக்குக் காரை உதிர்ந்த தளங்களிலும் தோட்டம் அமைப்பது உசிதமன்று. நல்ல தளத்திலும் கொள்கலன்களைச் செங்கல் மீது உயர்த்தி வைத்தால் அடியில் ஈரம் தேங்காது. கசிவும் உடனே தெரியும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடி பொதுவாக அனைவருக்கும் உரியது. குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முன்கூட்டியே பெறுவது பின்னர் எழும் பிணக்குகளைத் தவிர்க்கும்.

ஊருக்கேற்ற பருவம்

ஒரே நாள்காட்டி நாடு முழுமைக்கும் பொருந்தாது. தில்லி, லக்னோ, பாட்னா போன்ற வடமாநில நகரங்களில் செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை விதைக்கும் பாலக், வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி ஆகியவை குளிர்காலம் முழுவதும் பலன் தரும். வெண்டை, சுரை, பாகல் ஆகியவற்றைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைக்கலாம். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டும்போது தகர டின்னும் கறுப்பு வாளியும் வேரை வேகவைத்துவிடும். அக்காலத்தில் பச்சை நிழல்வலை அமைப்பதும், கொள்கலன்களை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றதன் மீது விழச் செய்வதும் உதவும்.

மும்பையிலும் கேரளத்திலும் சிக்கல் மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் கனமழை கொள்கலனில் உள்ள சத்துகளை அடித்துச் சென்றுவிடும். கூடுதல் துளைகளும் மழைமறைப்பும் அவசியம். கேரளத்தின் அமில மண்ணில் தக்காளியையும் கத்தரியையும் பாக்டீரியா வாடல் நோய் கடுமையாகத் தாக்கும். அதனை எதிர்க்கும் சக்தி, முக்தி, அனகா ஆகிய தக்காளி ரகங்களைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் மிதமான தட்பவெப்பம் நிலவுவதால் ஆண்டின் பெரும்பகுதியும் தக்காளி, பீன்ஸ், கீரை ஆகியவற்றைப் பயிரிட முடிகிறது. அந்நகரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா ரக்ஷக்’ தக்காளி, இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடியது. வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘காசி’ வரிசை ரகங்கள் வட இந்தியச் சூழலுக்கு ஏற்றவை.

கொசு என்னும் மறைமுக ஆபத்து

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சிறிதளவு தேங்கிய தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டு, பயன்படுத்தாமல் குவித்து வைத்த டப்பா, வாய் திறந்த நீர்ச்சேமிப்பு வாளி ஆகிய அனைத்தும் கொசுவுக்கு ஏற்ற இடங்களே. தில்லி, மும்பை உள்ளிட்ட மாநகராட்சிகள் வீடுகளைச் சோதித்து, கொசுப் புழு இருப்பது தெரிந்தால் நோட்டீஸும் அபராதமும் விதிக்கின்றன.

தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை தட்டின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. தட்டில் மணலை நிரப்பி வைப்பதும் நல்ல வழி. ‘பிறகு பயன்படும்’ எனச் சேர்த்து வைக்கும் காலி டப்பாக்களைத் தலைகீழாகக் கவிழ்த்தே வைக்க வேண்டும்.

அடிக்கடி எழும் சிக்கல்கள்

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது நோயன்று. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகச் சென்றடையாததே காரணம். சிறிய கொள்கலனில் ஒருநாள் வறட்சியும் மறுநாள் வெள்ளமுமாக நீர் பாய்ச்சும்போது இது நேர்கிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் நீர் ஊற்றுவதும், மண்ணின் மேல் உலர்ந்த இலைகளைப் பரப்புவதும் தீர்வாகும்.

சுரை, பாகல் போன்ற கொடிகள் பூத்தும் காய்க்காமல் போவதற்கு, உயரமான மாடிகளுக்குத் தேனீக்கள் குறைவாக வருவதே பெரும்பாலும் காரணம். ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவினால் காய் பிடிக்கும். பெண் பூவின் காம்பில் சிறிய பிஞ்சு போன்ற பகுதி இருக்கும். சுரை மாலையிலும் பாகல் காலையிலும் மலரும்.

மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் லிட்டர் நீரில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டிய வீடுகளில் கீரையைப் பலமுறை அலசிய பின்னரே சமைக்க வேண்டும். பழைய பெயிண்ட் உரிந்து விழும் சுவரின் கீழ் தொட்டிகளை வைக்கக் கூடாது. 2017-க்கு முன் அடித்த பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில், நாளொன்றுக்கு ஒருவருக்கு 400 கிராம் காய்கறி இடம்பெற்றுள்ளது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ.

20 லிட்டர் வாளியில் நன்கு பராமரிக்கப்படும் ஒரு தக்காளிச் செடி, தன் வாழ்நாள் முழுவதும் இரண்டு அல்லது மூன்று கிலோ தரக்கூடும். எனவே 20 வாளிகள் கொண்ட மாடித் தோட்டம் சந்தைக்கு மாற்றாகிவிடாது. ஆனால் கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் ஆகியவற்றில் ஒரு குடும்பம் பெருமளவு தன்னிறைவு அடைய முடியும். இவை விரைவில் வாடி வீணாகுபவை என்பதால், தேவைக்கேற்ப அன்றன்று பறிப்பதில் சேமிப்பும் உண்டு. கீரை விரைவில் அறுவடைக்கு வரும். முள்ளங்கிக்கு 40 முதல் 45 நாள்களும், வெண்டையின் முதல் காய்க்கு 45 முதல் 50 நாள்களும் ஆகும். தக்காளி நடவு செய்த 60 முதல் 70 நாள்களில் பழுக்கத் தொடங்கும்.

புதிதாகத் தொடங்குவோர் ஐந்து கொள்கலன்களுடன், கீரையையும் மிளகாயையும் கொண்டு தொடங்கினால், ஒரு பருவத்துக்குள் தங்கள் வீட்டின் வெயிலும் நீரும் எத்தகையவை என்பதை அறிந்துகொள்ளலாம்.

கொள்கலனின் ஆயுள் முடிந்த பிறகு

கேரளத்தில் வளர்ப்புப் பைகள் பெருகிய பின் எழுந்த கேள்வி இது. மெல்லிய பிளாஸ்டிக் பைகள் சில ஆண்டுகளில் கிழிந்தபோது, அவை புதிய குப்பையாக மாறின. மறுபயன்பாட்டுப் பொருள்களுக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் வெள்ளைப் பொடி படிந்தாலோ, விரலால் அழுத்தும்போது விரிசல் விட்டாலோ அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பின்னரும் வைத்திருந்தால் துகள் துகளாக உதிர்ந்து மண்ணில் கலக்கும்.

அத்தகைய பொருள்களை மண் நீக்கி, அலசி, உலர்கழிவுடன் சேர்க்க வேண்டும். எரிக்கக் கூடாது. திறந்தவெளியில் குப்பையை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. மீறுவோருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக விதிக்க அந்த உத்தரவு வகை செய்கிறது.

கொள்கலனிலிருந்த மண்ணை வீசத் தேவையில்லை. அதனை வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு புதிய உரம் சேர்த்தால் அடுத்த பயிருக்குத் தயாராகிவிடும். தக்காளி வளர்ந்த மண்ணில் அடுத்ததாகக் கத்தரியோ மிளகாயோ நடாமல், கீரை அல்லது அவரை இனத்தைப் பயிரிட வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பயிர்களைத் தொடர்ந்து நட்டால், முந்தைய செடியின் நோய் அடுத்த செடிக்கும் தொற்றும்.